கன்னத்தில் எண்ணெய் வராது

பேசாதத்தா. ஐஸ் வச்சு ஒத்தியிருக்கேன், தோலு இப்பத்தான் இறுகிக்கிட்டு வருது. நீ வாயை அசைச்சா கன்னம் மடியும், மடிப்புல க்ரீம் போய் உக்காந்துக்கிரும். தலையை மட்டும் ஆட்டு, போதும். பேச்சுத் துணைக்குத்தான் நான் இருக்கேனே. பவளம் பியூட்டி பார்லர்னு போர்டுல போட்டிருக்கு பாரு, அந்தப் பவளம் நான்தான். என்கிட்ட வந்த பொண்ணுங்க யாரும் வாயைத் தெறந்ததில்ல. அம்புட்டையும் நானே பேசிருவேன்.

பேரு என்ன சொன்னாக உங்க அம்மா? வெண்மதியா. நல்ல பேரு. வர்ற ஆவணியில முகூர்த்தம், இன்னைக்கு ட்ரையல். சரி. உங்க அம்மா வரும்போதே சொல்லிட்டாக: "எண்ணெய் மூஞ்சிங்க, காலையில போட்டா ராத்திரி ரிசப்ஷன் வரைக்கும் நிக்கணும். தண்ணி பட்டாலும் கலையக் கூடாது." நான் தொட்டுப் பார்த்த வரைக்கும் உனக்கு அம்புட்டு எண்ணெய் தெரியல. இருக்கட்டும், பெத்தவுகளுக்குத் தெரியாததா.

இன்னொண்ணும் சொன்னாக. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏசி போட்ட பெரிய பார்லர் இருக்க, நீதான் இந்தப் பவளம் பார்லருக்குத்தான் போவேன்னு அடம் புடிச்சியாமே? எனக்கு அதைக் கேட்டதும் கண்ணு கலங்கிருச்சு தாயி. பொய் சொல்லல. நாலு மாசமா இந்த நாற்காலியில கல்யாணப் பொண்ணுன்னு ஒருத்தி வந்து உக்காரல. புருவம் திருத்தக்கூட தெருக்காரிக வர்றதில்ல. தொழில் தெரிஞ்சவ யாருன்னு தெரிஞ்சு ஒரு சின்னப் பிள்ள வந்திருக்கேன்னு நெனச்சேன். நல்லா இரு.

முகத்தை மேல தூக்கு. இது மாய்ஸ்சரைசர். எண்ணெய் மூஞ்சிக்கு எதுக்கு க்ரீம்னு எல்லாரும் கேப்பாக. காய விட்டா தோலு பயந்துபோய் இன்னும் எண்ணெய் விடும். கொஞ்சமாத் தடவி, விரலால அமுக்கணும், தேய்க்கக் கூடாது. அப்புறம் ப்ரைமர். அதுக்கு மேல லேசாப் பவுடர், அதுக்கு மேல ஃபவுண்டேஷன், அதுக்கும் மேல பவுடர். ஊர்ல எல்லாரும் ஃபவுண்டேஷனுக்கு மேல மட்டும் பவுடரை அள்ளி அப்புவாக. நான் கீழயும் வைப்பேன். கட்டடத்துக்கு அஸ்திவாரம் போட்ட மாதிரி நிக்கும். பதினெட்டு வருசமா நான் போட்ட மூஞ்சி ஒண்ணு மத்தியானத்துல வழிஞ்சதா எவளும் சொன்னதில்ல. அந்தச் செண்பகலட்சுமி வர்ற வரைக்கும்.

உனக்குத் தெரியுமா அந்தக் கதை? தலையாட்டுற. தெரியுமா! சரிதான், ஊருக்கே தெரியும். ஆனா ஊர்ல சொல்றது ஒரு கதை, நடந்தது ஒரு கதை. நான் சொல்றேன் கேளு. கேட்டுட்டு நீயே சொல்லு என் மேல என்ன தப்புன்னு. சொல்லுன்னா இப்ப இல்ல, ப்ரைமர் காயட்டும்.

சித்திரையில கல்யாணம். பொண்ணோட அம்மா இதே இடத்துல நின்னு, உங்க அம்மா மாதிரியேதான் சொன்னாக: "அவளுக்கு எண்ணெய் மூஞ்சி, போட்டோவுல வழிஞ்சாப்புல இருந்தா மாப்பிள்ளை வீட்டுல பேச்சு வரும். தண்ணி பட்டாலும் நிக்கிற மாதிரி போட்டு விடுங்க." நான் சொன்னேன், "அக்கா, மழையில நனைய விட்டாலும் நிக்கும், என் பொறுப்பு." ஏன் அந்த வார்த்தையைச் சொன்னேன்னு இன்னைக்கும் என் வாயிலயே அடிச்சுக்கிறேன்.

முகூர்த்தம் ஒம்பதரைக்கு. விடியக்காலம் மண்டபத்து மாடி ரூமுக்குப் போயிட்டேன். பிள்ள குளிச்சிட்டு வந்து உக்காந்திருந்தா. சும்மா சொல்லக் கூடாது, லட்சணமான பிள்ள. வாய்தான் இல்ல. "தூங்கினியாத்தா?"ன்னேன், அவ ஜன்னலையே பார்த்துக்கிட்டிருந்தா. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அம்புட்டுத் திமிரான்னு நெனச்சுக்கிட்டே வேலையை ஆரம்பிச்சேன். இப்ப உனக்குப் போடுறேனே, இதே மாதிரிதான். ஐஸ், க்ரீம், ப்ரைமர், பவுடர், ஃபவுண்டேஷன், பவுடர். ஸ்பிரே அடிச்சு விசிறிவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், வழியுது.

எங்க வழியுதுங்கிற? அதைக் கேளு. எண்ணெய் மூஞ்சின்னா எண்ணெய் எங்க வரும்? நெத்தியில வரும். மூக்குல வரும். உதட்டுக்குக் கீழ நாடியில வரும். பதினெட்டு வருசத்துல நான் பார்த்த அம்புட்டு மூஞ்சியிலயும் அங்கதான் வந்திருக்கு. இவளுக்கு நெத்தி பட்டு மாதிரி நிக்குது. மூக்கு நிக்குது. ரெண்டு கன்னத்துலயும் மட்டும் கோடு போட்டாப்புல கீழ இறங்கியிருக்கு. இது என்னடா புது ரகமா இருக்குன்னு டிஷ்யூவை வச்சு ஒத்தி எடுத்தேன். துடைக்கக் கூடாது, ஒத்தணும். மறுபடி பவுடர் வச்சு நல்லா அமுக்கினேன். பத்து நிமிசம் இல்ல, மறுபடி அதே கோடு. இப்படி மூணு தடவை.

ஃபவுண்டேஷன் பழசோன்னு பாட்டிலைத் திருப்பித் தேதி பார்த்தேன். ஃபேனைக் கூட்டினேன். ஜன்னலைச் சாத்தினேன். நடுவுல அந்தப் பிள்ள, "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு..."ன்னா. "பேசாத தாயி, ஃபவுண்டேஷன் காயலை"ன்னேன். இன்னொரு தடவை வாயெடுத்தா. அப்ப லிப்ஸ்டிக் போட்டிருந்தேன். "வாயைத் தெறக்காத, உன் கால்ல வேணும்னாலும் விழுறேன்"னேன். மூணாவது தடவை என் கையைப் புடிச்சா. என் கையில பிரஷ் இருக்கு! கண்ணு மைக் கோடு புருவத்துக்கு ஏறிருச்சு. "ஏண்டி, உன் கல்யாணத்துக்கு உனக்கே அக்கறை இல்லையா?"ன்னு கேட்டுட்டேன். கோபம் தாயி. நான் ஒருத்தி தலைகீழா நின்னுக்கிட்டிருக்கேன், இவ உக்காந்த இடத்துல உக்காந்துக்கிட்டு என் வேலையைக் கெடுக்குறான்னு கோபம்.

அதுக்கு அப்புறம் அவ கையை மடியில வச்சுக்கிட்டா. வழியவும் இல்ல. நின்னுருச்சு! ஏழு மணிக்கு அந்த மூஞ்சியைப் பார்த்திருக்கணும் நீ. கோயில் சிலை மாதிரி இருந்தா. அசைவே இல்ல. "பார்த்தியா, அக்கா கை எப்படி"ன்னு கண்ணாடியைக் காட்டினேன். அவளும் ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தா.

கண்ணை மேல பாரு. அசையாத, பென்சில் போடுறேன். என்ன கலங்குது? எரியுதா? முதல்ல எல்லாருக்கும் எரியும், பழகிரும்.

எங்க விட்டேன்? ஆங், இனி அத்தைக்காரி கதை. எல்லாம் முடிஞ்சு நான் மூச்சு விடுறேன், கதவைத் தள்ளிக்கிட்டு ஒரு அம்மா வர்றாக. கையில கிண்ணம் நிறைய நல்லெண்ணெய், அதுல அருகம்புல்லு. பொண்ணோட தாய்மாமன் பொண்டாட்டியாம். பஸ்ஸு லேட்டாம். காலையில எல்லாரும் பொண்ணுக்கு எண்ணெய் வச்சுக் குளிப்பாட்டினப்ப இவுக மட்டும் இல்லையாம். "நான் வைக்காம என் நாத்தனா மகளுக்குக் கல்யாணமா?"ன்னு புல்லை எண்ணெயில முக்கிக்கிட்டு நேரா வர்றாக. கொண்டை போட்டு, பூ வச்சு, நெத்திச்சுட்டி மாட்டி உக்காந்திருக்கா பிள்ள. அந்தத் தலையில எண்ணெயா!

நான் குறுக்க விழுந்துட்டேன். கையை விரிச்சு மறிச்சுக்கிட்டு, "அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். தண்ணியக் கொட்டுங்க, பன்னீரைக் கொட்டுங்க, இந்த மேக்கப் அசையாது. எண்ணெய் மட்டும் படக் கூடாது. எண்ணெய் பட்டா அஞ்சு நிமிசத்துல அம்புட்டும் வழிச்சுக்கிட்டு வந்துரும்"னு கத்துறேன். அந்தம்மா மொணமொணன்னுக்கிட்டே உள்ளங்கையில மட்டும் ஒரு சொட்டு வச்சுட்டு, கிண்ணத்தை மேசையில வச்சுட்டுப் போயிட்டாக. அப்பத்தான் அந்தப் பிள்ள அன்னைக்குக் காலையில முழுசா ஒரு வார்த்தை பேசினா. "அஞ்சு நிமிசமாக்கா?"ன்னா. "ஆமாத்தா, பயப்படாத, கிண்ணத்துப் பக்கம் நீ போகாம இருந்தாச் சரி"ன்னு தைரியம் சொன்னேன்.

எட்டரைக்குப் பொண்ணோட அம்மா வந்து, "நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க பவளம், கூப்பிட இன்னும் நேரம் இருக்கு"ன்னாக. சொல்லிட்டு அவுகளும் மாப்பிள்ளை வீட்டாரைக் கவனிக்கப் போயிட்டாக. விடியக்காலத்துல இருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. போட்டிருந்த கருப்பு ஏப்ரனையும் மாஸ்க்கையும் கழட்டி நாற்காலியில போட்டுட்டு இறங்கிப் போனேன். முதுகுல பவளம் பியூட்டி பார்லர்னு பெருசா எழுத்து போட்ட ஏப்ரன். ஆசையா அடிச்சது. ரெண்டு இட்லி, கொஞ்சம் பொங்கல். இலையில பாயசம் விழுறதுக்குள்ள மாடியில சத்தம்.

ஓடுறேன். ரூமுல பிள்ள இல்ல. கட்டில்ல அவ கட்டியிருந்த பட்டு நல்லா மடிச்சு வச்சிருக்கு. தட்டுல நகை, ஒண்ணு குறையாம. குத்தின ஊக்கெல்லாம் ஒரு பஞ்சுல வரிசையாக் குத்தி வச்சிருக்கு. பக்கத்துல அந்த எண்ணெய்க் கிண்ணம் காலி. கீழ குவியலாப் பஞ்சு, அம்புட்டும் காவி நிறத்துல, என் ஃபவுண்டேஷன்! ஏப்ரனைக் காணோம். மாஸ்க்கைக் காணோம். என் மேக்கப் பெட்டியைக் காணோம்.

சுடிதார் மேல என் ஏப்ரனைப் போட்டு, மாஸ்க்கை மாட்டி, என் பெட்டியைத் தூக்கிக்கிட்டு அவ பாட்டுக்கு நடந்து போயிருக்கா. ஐந்நூறு பேரு கூடியிருக்குற மண்டபத்துல. தாய்மாமன் வாசல்ல நின்னு பன்னீர் தெளிச்சுக்கிட்டிருக்காரு, அவரு மேலயே இடிச்சுக்கிட்டுப் போயிருக்கா. மாடிப்படியில மாப்பிள்ளையோட அம்மா. அவுகளே அப்புறம் நெஞ்சுல அடிச்சுக்கிட்டுச் சொன்னாக. "ஏம்மா பார்லர், பொண்ணு ரெடியா?"ன்னு கேட்டாகளாம். "ரெடிங்க"ன்னு சொல்லிட்டு இறங்கிட்டாளாம். என் பேர்ல! என் ஏப்ரனுக்குள்ள இருந்துக்கிட்டு!

பார்லர்காரி மூஞ்சியை எவ பார்க்குறா? எனக்கே இப்பத்தான் உறைக்குது. பதினெட்டு வருசம் இந்த ஊர்க் கல்யாணத்துல அம்புட்டுலயும் இருந்திருக்கேன். ஒரு ஆல்பத்துலயும் நான் இல்ல.

எவனோடயும் போகல. அதுதான் ஊருக்கு இன்னும் ஆத்திரம். ஒருத்தனோட போயிருந்தா அவனைத் திட்டியிருப்பாக. தனியாப் போனதால திட்ட ஆள் இல்லாம என்னைத் திட்டினாக. "இவதான் துணை. இவதான் எண்ணெய் வச்சு அழிக்கச் சொல்லிக் குடுத்தா. ஏப்ரனையும் கழட்டிக் குடுத்திருக்கா." அத்தைக்காரி நடு மண்டபத்துல நின்னு சாட்சி சொன்னாக: "என் காது கேக்கச் சொன்னா, எண்ணெய் பட்டா அஞ்சு நிமிசம்னு." நான் எதுக்குச் சொன்னேன், அவுக எதுக்குச் சொல்றாக, பாரு. ஆனி மாசத்துக்கு ரெண்டு கல்யாணம் பேசியிருந்தேன், ரெண்டு வீட்டுலயும் போன் பண்ணி வேணாம்னுட்டாக. "ஓட விடுற பார்லர்"னு பேரு. தெருவுல சின்னப் பிள்ளைக கூடச் சிரிக்குது. கடை சொந்தக்காரரு இடத்தைக் காலி பண்ணச் சொல்லி ரெண்டு தடவை வந்துட்டாரு. காலி பண்ணிட்டு நான் எங்க போக? அண்ணன் வீட்டுலயா? அண்ணன் பொண்டாட்டி கையால சோறு வாங்கித் தின்னா தொண்டையில இறங்குமா? தூக்கம் வராம இந்த நாற்காலியிலயே உக்காந்து கிடக்கேன் தாயி. கண்ணாடியில என் மூஞ்சி எனக்கே பார்க்கச் சகிக்கல.

உதட்டை லேசா விரி. அப்படித்தான். இது மேட் லிப்ஸ்டிக், சாப்பிட்டாலும் போகாது. மூடு. மூடிக்கிட்டே இரு. இனி ஒரு வார்த்தை பேசப்படாது, என்ன?

பெட்டி ஒரு வாரம் கழிச்சு வந்துச்சு. பஸ் பார்சல்ல. ஓசூர்னு சீல் இருந்துச்சு. இதை நான் யாருக்கும் சொல்லல. சொன்னா அதுக்கும் எனக்குப் பங்கு உண்டுன்னுருவாக. பெட்டிக்குள்ள அம்புட்டும் வச்சது வச்சபடி. ஏப்ரன் துவைச்சு இஸ்திரி போட்டு மடிச்சிருக்கு. பிரஷ் எல்லாம் கழுவியிருக்கு. கழுவத் தெரியல, வெந்நீர்ல முக்கியிருப்பா போல, நுனியெல்லாம் விரிஞ்சு துடைப்பம் மாதிரி ஆயிருச்சு. இப்ப உனக்குப் போட்டேனே, அந்தப் பிரஷ்தான்.

கூட ஒரு சீட்டு. "அக்கா, மன்னிச்சிருங்க. உங்ககிட்ட மூணு தடவை சொல்ல வந்தேன். நீங்க பேசிக்கிட்டே இருந்தீங்க." அம்புட்டுத்தான்.

எப்படி இருக்கும் எனக்கு? என்ன சொல்ல வந்தா? எங்க சொன்னா? வேலை பார்க்குறப்ப வந்து கையைப் புடிச்சா அது சொல்றதா? சொல்லணும்னு இருந்தா ஒரு நாள் முன்னாடி வந்து சொல்லணும். அம்மாகிட்டச் சொல்லணும். அப்பாகிட்டச் சொல்லணும். நான் யாரு? மூஞ்சிக்குப் பூசுறவ. என்கிட்ட வந்து என்ன சொல்லி என்ன ஆகப் போகுது? இந்தச் சீட்டைத் தினம் எடுத்துப் படிக்கிறேன், தினம் கோபம்தான் வருது. என்னதான் சொல்ல வந்தாளோ.

சரி, விடு. அது போகட்டும். எனக்கு இந்த ஒரு கல்யாணம் நல்லபடியா முடிஞ்சாப் போதும் வெண்மதி. உன் மூஞ்சி ராத்திரி வரைக்கும் நின்னுச்சுன்னா, மேடையில உன்னைப் பார்த்து நாலு பேரு "யாரு போட்டது?"ன்னு கேட்டாங்கன்னா, நான் மறுபடி மனுசி ஆயிருவேன். உன் கையிலதான் இருக்கு என் பொழப்பு. ஸ்பிரே அடிக்கிறேன், கண்ணை மூடிக்க. ஆச்சு. தெற. கண்ணாடியைப் பாரு.

என்ன அது?

இரு, அசையாத. இந்தப் பக்கம் திரும்பு. கோடு விழுந்திருக்கே! இப்பத்தானடி பவுடர் வச்சு அமுக்கினேன். அய்யோ, மறுபடியுமா. நெத்தியைக் காட்டு. நெத்தி காஞ்சுதான் இருக்கு. மூக்கு? மூக்கும் காஞ்சிருக்கு. இந்தக் கன்னத்துலயும் இறங்குது. இதே கோடு. அன்னைக்கும் இதே இடத்துலதான். எண்ணெய்னா நெத்தியில வரணும், மூக்குல வரணும், கன்னத்துல இப்படிக் கோடு போட்டு எண்ணெய் வராதே.

வராதே.

வெண்மதி, இது எண்ணெய் இல்லையேத்தா.

ஆத்தாடி. அன்னைக்கு மூணு தடவை ஒத்தி எடுத்தேனே. மூணு தடவை பவுடர் வச்சு அமுக்கினேனே. அழுதிருக்காளே அந்தப் பிள்ள. என் கைக்கு அடியிலயே உக்காந்து அழுதிருக்கா, நான் பாட்டிலைத் திருப்பித் தேதி பார்த்துக்கிட்டிருந்திருக்கேன். தண்ணி பட்டாலும் நிக்கணும்னு அவ அம்மா சொன்னாகளே. எந்தத் தண்ணின்னு அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் மழைன்னு நெனச்சேன்.

உங்க அம்மாவும் அதையேதானே சொன்னாக.

என்னைப் பாரு. இங்க பாரு. நீ ஏசி பார்லரை விட்டுட்டு இந்தப் பார்லருக்குத்தான் வருவேன்னு அடம் புடிச்சது என் கைத்தொழிலுக்காக இல்ல, அப்படித்தானே? தலையாட்டாத. வேணாம், ஆட்டாத. எனக்குப் பயமா இருக்கு தாயி. இன்னொரு கல்யாணம் இந்தக் கடையில இருந்து நின்னுச்சுன்னா இந்த ஊர்ல எனக்குக் குடிக்கத் தண்ணி கூடக் குடுக்க மாட்டாக. என்னை ஏன் தேடி வந்த? வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?

யாரது, கதவைத் தட்டுறது? வெண்மதி அம்மாவா? இன்னும் முடியலக்கா! ...எண்ணெய் மூஞ்சில்ல, செட் ஆக இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்! ...ஆமா, நடுவுல பார்க்கக் கூடாது, காத்துப் பட்டா கலைஞ்சிரும்! எதுத்தாப்புல கடையில காபி குடிச்சிட்டு வாங்க, நான் கூப்பிடுறேன்!

போயிட்டாக. தாழ்ப்பாளைப் போட்டுட்டேன்.

இந்தா டிஷ்யூ. துடைச்சுக்க. ஒத்த வேணாம், நல்லா அழுத்தித் துடை. போனாப் போகுது, மறுபடி போட்டுக்கலாம், போடாமலும் இருக்கலாம். இந்த லிப்ஸ்டிக்கு சீக்கிரம் போகாது, இரு, பஞ்சுல ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு நானே எடுக்குறேன். ம். போயிருச்சு.

இப்ப வாயைத் தெற தாயி. சொல்லு. நான் பேசல.